ஒன்பது பத்துக்கு நலம்

அத்தியாயம் 7

அடி வாங்குகிறவன் கத்துகிற வரையில் பயமில்லை, கத்தல் நின்றால்தான் பயப்பட வேண்டும் என்பது போலீஸில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டுத் துப்பறிய வந்த தேவானந்தத்துக்கு நன்றாகவே தெரியும். அதனால் எல்லம்மா சொன்னதைக் கேட்டதும் அவர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"நேத்து பொழுதுக்கும் ஸ்டேஷன் பின்னாடி சொவுத்தாண்டயே குந்திகினு இருந்தேன் சார். அவரு கத்துற சத்தம் கேட்டுகினே இருந்துச்சு. இன்னிக்குக் காத்தாலேர்ந்து ஒண்ணும் காணோம். கேட்டா தூங்குறான்றாங்க. அந்த அடி வாங்கிகினு எவன் சார் தூங்குவான்?"

எல்லம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். புருஷன் துளசிங்கம், இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இஸ்திரி வண்டி போட்டிருப்பவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரி அணையாத வண்டியை அப்படியே விட்டுவிட்டு அவனை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். இன்று செவ்வாய், மணி ஒன்றரை. இதுவரை அவனைக் கைது செய்ததாக எந்தக் காகிதத்திலும் இல்லை. நாளை காலை கோர்ட்டுக்குக் கொண்டுபோகும்போதுதான் காகிதம் பிறக்கும். பிறக்கும்போதே அதில் கொலையை ஒப்புக்கொண்ட அவனுடைய கைரேகையும் இருக்கும்.

"அதுக்குள்ள அவருக்கு இன்னாவாச்சும் ஆயிட்டா?" என்று கேட்டாள் எல்லம்மா.

ஆகிவிட்டால், லாக்கப்பில் லுங்கியால் தூக்கு மாட்டிக்கொண்டான் என்று எழுதிக்கொள்வார்கள். இரண்டு தடவை அப்படி எழுதியதைத் தேவானந்தம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அதை அவளிடம் சொல்லவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள ஏதாவது பண்றேம்மா. நீ ஸ்டேஷன் வாசலை விட்டு நகராதே. வெளியில ஆள் இருக்குன்னு தெரிஞ்சா கை கொஞ்சம் நிதானிக்கும்."

அவள் படியிறங்கிப் போகும்வரை அஸிஸ்டெண்ட் சுந்தர்சிங் வாயை மூடிக்கொண்டிருந்தது அவன் சரித்திரத்தில் ஒரு சாதனை. குரோம்பேட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தி, மாணவிகளைவிட அதிகம் பேசியதால் அதை மூட வேண்டி வந்தவன் அவன்.

"சார், கேஸைச் சுருக்கமா சொல்லட்டுமா? இதைக் கேட்டா எந்த வக்கீலும் செருப்பைக்கூட மாட்டாம ஓடிடுவார்."

"சொல்லு."

"இடம், எபனேசர் காலனி. ஆறு வீடும் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு ஆராதனை. தெருவே கர்த்தரைத் தேடிப் போயிடும். அந்த நேரம் பார்த்துத் திருடன் அவங்க பீரோவைத் தேடி வருவான். போன வருஷம் ரெண்டு தடவை வந்தான். அதனால ஞாயிறு காலையில நடை ரோந்து போட்டாங்க. ஏட்டு ஞானையா வீடு வீடா நடந்து போகணும், பூட்டை ஆட்டிப் பார்க்கணும், பட்டா நோட்டுல டைம் போட்டுக் கையெழுத்துப் போடணும்."

பட்டா நோட்டு வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன சங்கதி. ரோந்துக்காரன் போகிற வழியில், குறித்துவைத்த ஒவ்வொரு வாசலிலும் ஒரு நோட்டு தொங்கும். அவன் அங்கே நடந்து வந்தான் என்பதற்கு அந்த நோட்டில் இருக்கும் நேரமும் கையெழுத்தும்தான் அத்தாட்சி. எபனேசர் காலனியில் அவை வாசலோரம் கரண்ட் மீட்டர் பெட்டிக்குள் தொங்கின.

"நாலாம் நம்பர் வீடு ரத்தினபாய் டீச்சர்" என்று தொடர்ந்தான் சுந்தர்சிங். "ரிட்டயர்டு. காய்ச்சல்னு அன்னைக்குக் கோயிலுக்குப் போகல. மத்த அஞ்சு நோட்டுலயும் ஞானையா 'பூட்டு சரி'ன்னு எழுதியிருக்கார். இந்த நோட்டுல மட்டும், ஒன்பது பத்து, நலம். வாயாலயும் சொல்லிட்டார், அம்மா வராந்தாவுல உட்கார்ந்திருந்தாங்க, பேசினேன்னு. ஒன்பதரைக்கு நம்ம ஆளு சட்டையில ரத்தத்தோட தெருமுனையில ஓடினதை ரெண்டு பேர் பார்த்திருக்காங்க. பத்தரைக்கு டீச்சரோட அண்ணன் மகன் லாசரஸ் கோயில்லேர்ந்து வந்து பார்த்தா, அத்தை மண்டை உடைஞ்சு செத்துக் கிடக்காங்க."

"அந்த லாசரஸ் அன்னைக்குக் காலையில எங்கே?"

"அதே வீட்டுலதான் இருக்கார். கோயிலுக்கு ஒன்பது மணிக்கு லேட்டா வந்தார். ஒன்பது அஞ்சுக்கு எல்லார் முன்னாடியும் நின்னு வேதபாடம் வாசிச்சார். அப்புறம் பத்தேகால் வரைக்கும் முன் பெஞ்சு. இருநூறு பேர் சாட்சி சார். வீட்டை வித்துக் கொடுன்னு அத்தையை ஆறு மாசமா நச்சரிச்சது தெருவுக்கே தெரியும். ஆனா ஒன்பது பத்துக்கு அத்தை நலம்னு போலீஸே எழுதிக் கொடுத்தப்புறம் அவர்மேல யார் கை வைக்க முடியும்?"

"துளசிங்கம்?"

"எட்டரையிலேர்ந்து ஒன்பதேகால் வரைக்கும் வண்டியை விட்டு நகரலைன்னு பக்கத்து டீக்கடை பூரா சொல்லுது. சொல்லி என்ன பிரயோஜனம்? ஒன்பது பத்துக்கு மேல அந்த வீட்டுக்குப் போனவன் அவன் ஒருத்தன்தான்."

தேவானந்தம் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "ஆக, அந்த ஒரு வார்த்தை இவன் கழுத்துக்குக் கயிறு, லாசரஸுக்குக் குடை. அது நிஜமான்னு யாராவது பார்த்தாங்களா?"

"போலீஸ் எழுதினதைப் போலீஸ் ஏன் சார் சந்தேகப்படுது? அது குடும்பத்துக்குள்ள மரியாதை."

"வண்டியை எடு."

சுந்தர்சிங்கின் டி.வி.எஸ். ஐம்பதில் இரண்டு பேர் உட்கார்ந்தால் வண்டி அழும். அழுதுகொண்டே அது அவர்களை எபனேசர் காலனியில் இறக்கிவிட்டது. ஐப்பசி மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. டீச்சரின் உடல் பெரியாஸ்பத்திரியிலிருந்து நேரே கோயிலுக்கு வருவதாக ஏற்பாடு. நாலு மணிக்கு அடக்கம். நாலாம் நம்பர் வீட்டுக் கதவில் போலீஸ் பூட்டு தொங்கியது. அந்த வீட்டு நோட்டையும் போலீஸ் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

இரண்டாம் நம்பர் வீட்டில் செல்வமேரி இருந்தாள். ஸ்கூல் டீச்சர். அடக்கத்துக்காக லீவு போட்டு, வெள்ளைப் புடவை கட்டித் தயாராக இருந்தாள்.

"துளசிங்கமா? சத்தியமா நம்ப முடியல சார். பத்து வருஷமா எங்க துணியெல்லாம் அவன் கையிலதான். ஒரு ஹூக் போனாக்கூடச் சொல்லிட்டுத்தான் கொடுப்பான்."

"ஞாயிற்றுக்கிழமை துணி எடுக்க வருவானா?"

"ஞாயிற்றுக்கிழமையா? கோயிலுக்குக் கட்டுற புடவையாச்சே, சனிக்கிழமை விளக்கு வைக்கிறதுக்குள்ள எல்லார் வீட்டுக்கும் கொடுத்துடுவான். அடுத்த துணி எடுக்குறது திங்கக்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை எங்க தெருவுல அவனுக்கு வேலையே கிடையாது."

"அதான் இன்ஸ்பெக்டரும் கேட்கிறார்" என்று முணுமுணுத்தான் சுந்தர்சிங். "வேலை இல்லாத நாள்ல எதுக்கு வந்தான்?"

தேவானந்தம் மீட்டர் பெட்டியைத் திறந்து பட்டா நோட்டை எடுத்தார். நாற்பது பக்கச் சாதா நோட்டு. ஒரு கணம் கையில் வைத்துத் தடவினார். மழைக்காலத்தில் மீட்டர் பெட்டிக்குள் கிடக்கும் நோட்டு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஓரமெல்லாம் சுருண்டு, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அப்பளம்போல நெளிந்திருக்கும். இது நெளியவில்லை. பழைய பக்கங்களில் எழுத்தெல்லாம் ஈரத்தில் ஊறிக் கலங்கியிருந்தும் காகிதம் படிந்து சப்பையாக இருந்தது.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். ஞாயிற்றுக்கிழமைத் தேதி. 8.50, பூட்டு சரி, ஞானையாவின் கோழிக்கால் கையெழுத்து. பக்கத்தின் வலது ஓரத்தில் பழுப்பாக ஒரு தீய்ந்த தடம், வளைந்து வந்து காகித விளிம்பில் பட்டென்று அறுந்து நின்றது. கையெழுத்தின் கடைசிக் கோடு அந்தத் தடத்தின்மேலேயே ஓடியிருந்தது. அந்த மை துளிகூடக் கலங்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை காலையில மழை எப்படிம்மா?"

"ஏழு மணியிலேர்ந்து கொட்டுச்சு சார். எட்டேகாலுக்குக் குடை பிடிச்சுக்கிட்டுத்தான் கோயிலுக்குப் போனோம். எட்டே முக்காலுக்கு மேலதான் விட்டுது."

"சிங், மூணாம் நம்பர் நோட்டைக் கொண்டு வா."

சுந்தர்சிங் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். அதுவும் சப்பை. அதிலும் தீய்ந்த தடம், ஆனால் இடது ஓரத்தில். தேவானந்தம் இரண்டு நோட்டையும் விரித்து, செல்வமேரி வீட்டுக் கைப்பிடிச் சுவர்மேல் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்தார். இரண்டு அரைத் தடமும் ஒன்றாகி ஒரு முழு உருவம் வந்தது. முன்பக்கம் கூர்ந்து, பின்பக்கம் அகன்று.

"இஸ்திரிப் பெட்டியோட மூக்கு!" என்றாள் செல்வமேரி. அந்த மூக்கை அவள் ஒரு நைலக்ஸ் புடவையில் ஏற்கனவே பார்த்திருக்கிறாள்.

"நோட்டுக்கு இஸ்திரியா?" என்றான் சுந்தர்சிங். "சார், நான் என் சட்டைக்கே போடுறதில்ல."

"நனைஞ்ச காகிதத்துல பேனா ஓடாதே. காய வைக்கணுமே. ரெண்டு வாசல்ல அறுபது அடி தள்ளித் தொங்க வேண்டிய நோட்டு ரெண்டும் ஞாயிற்றுக்கிழமை ஒரே மேஜையில பக்கத்துல பக்கத்துல படுத்திருக்கு. தீய்ஞ்சதுக்கு அப்புறம்தான் கையெழுத்து விழுந்திருக்கு. ஏட்டு நோட்டைத் தேடி நடந்து வரல. நோட்டுதான் ஏட்டைத் தேடிப் போயிருக்கு."

சுந்தர்சிங் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். "அப்போ துளசிங்கம் ஞாயிற்றுக்கிழமை இந்தத் தெருவுக்கு வந்தது..."

"ரெண்டு தடவை. எட்டேகாலுக்கு மேல, தெரு காலியானதும், நோட்டை எடுக்க. ஒன்பதேகாலுக்கு மேல, திருப்பி மாட்ட. ஏட்டையா அங்கே வண்டிக்குப் பின்னால பெஞ்சுல உட்கார்ந்து ஆறு நோட்டுலயும் வரப்போற நேரத்தையெல்லாம் எழுதி முடிச்சிட்டார். டீச்சருக்குக் காய்ச்சல்னு சனிக்கிழமை துணி கொடுக்கப் போன துளசிங்கம் சொல்லியிருப்பான். அதான் நாலாம் நோட்டுல மட்டும் பூட்டு இல்ல, நலம்."

"இதை அவன் முதல் அடியிலேயே சொல்லியிருக்கலாமே சார்?"

"யார்கிட்ட? போலீஸ்கிட்டயா? ஸ்டேஷனுக்குள்ள அவனுக்குத் தெரிஞ்ச ஒரே ஆள் ஞானையாதான். நீ நோட்டைப் பத்தி வாயைத் திறக்காதே, நான் வெளியில கொண்டுவரேன்னு அவர் சொல்லியிருப்பார். இவன் நம்பியிருப்பான்."

செல்வமேரி ஒரு காகிதத்தில், இரண்டு நோட்டையும் தன் கண்முன்னால்தான் எடுத்தார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வாரா வாரம் அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் நிம்மதியாகக் கதவைத் திறந்து உள்ளே போவோம் என்றாள்.

ஞானையாவைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. தெருக்கோடியிலிருந்து அவரே வந்துகொண்டிருந்தார், மழைக்கோட்டும் லத்தியுமாக. கொலை நடந்த ஞாயிறு மத்தியானத்திலிருந்து அவர் இந்தத் தெருவை விட்டு நகரவில்லை, யாரும் சொல்லாமலே மேலும் கீழும் நடக்கிறார் என்று செல்வமேரி சொல்லியிருந்தாள். வலது காலைச் சாய்த்து வைத்துத்தான் நடந்தார்.

"தேவா, உனக்கு இங்கே என்ன வேலை?"

"உங்ககூடக் கொஞ்சம் நடக்கலாம்னு வந்தேண்ணே."

ஒரே ஸ்டேஷனில் நாலு வருஷம் இருந்தவர்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். சுந்தர்சிங் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தான்.

"கால்ல என்னண்ணே?"

"பூட்ஸ் புதுசு. கடிக்குது."

"பூட்ஸ் பழசுதான் ஏட்டையா" என்றான் சுந்தர்சிங். "நடைதான் புதுசு."

ஞானையா திரும்பிப் பார்த்தார். தேவானந்தம் இரண்டு நோட்டையும் விரித்து, சேர்த்துப் பிடித்துக் காட்டினார். ஞானையா அதைக் கையில் வாங்கவில்லை. பழுப்பு மூக்கை ரொம்ப நேரம் பார்த்தார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் கெட்டிக்காரர் இல்லை, மூன்று நாளிலேயே தளர்ந்து போயிருந்தார்.

"துளசி சொல்லிட்டானா?"

"அவன் இன்னும் உங்களைக் காட்டிக் கொடுக்கல. அதுக்குத்தான் அடி வாங்கிக்கிட்டிருக்கான். காலையிலேர்ந்து சத்தம் இல்லையாம்."

"மார்ச்சுல ரிட்டயர்மெண்ட் தேவா. கால்ல ஆணி. நாலு தெரு, எட்டுத் தெருன்னு முப்பது வருஷம் தேஞ்ச கால். அன்னைக்கு அப்படிப் பேய் மழை. காலி வீட்டுப் பூட்டை ஆட்டிப் பார்க்க எதுக்கு நனையணும்னு... எல்லாரும் செய்யுறதுதானே? நீ செய்யலையா?"

"செஞ்சேன்" என்றார் தேவானந்தம். "பல்லாவரத்துல ஒரு டீக்கடையில உட்கார்ந்து எட்டு வருஷம் கையெழுத்துப் போட்டேன். என் ரோந்துல யாரும் சாகல. அது என் சாமர்த்தியம் இல்லண்ணே, என் அதிர்ஷ்டம். உங்களைக் குத்திக்காட்ட எனக்கு யோக்யதை இல்ல. ஆனா ஸ்டேஷனுக்கு வந்து உண்மையைச் சொல்லுங்க. ஒன்பது பத்துக்கு நீங்க டீச்சரைப் பார்க்கல. அது போதும். துளசிங்கம் வெளியில வந்துடுவான், லாசரஸ் உள்ளே போவான்."

அவர்கள் நாலாம் நம்பர் வீட்டு வாசலுக்கு வந்திருந்தார்கள். ஞானையா அந்த வாசலுக்கு எதிரில் இருந்த சாக்கடைப் பாலத்தின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"நீ பாதிதான் கண்டுபிடிச்சிருக்கே."

தேவானந்தம் நின்றார்.

"ஒன்பதரை இருக்கும். துளசி ஓடி வந்தான். கையெல்லாம் ரத்தம். நோட்டை மாட்டிட்டுத் திரும்பினவனுக்கு உள்ளே முனகுற சத்தம் கேட்டிருக்கு. போய்த் தூக்கி உட்கார வச்சிருக்கான், தண்ணி கொடுத்திருக்கான். 'அண்ணே, டீச்சர் அடிபட்டுக் கிடக்குறாங்க, உசுரு கீது, வாங்க'ன்னு என் கையைப் பிடிச்சு இழுத்தான்."

"உயிரோட இருந்தாங்களா?" என்று கேட்டபோது தேவானந்தத்தின் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"என் கையெழுத்து அங்கே தொங்குது. ஒன்பது பத்து, நலம். ஒன்பதரைக்கு மண்டை உடைஞ்சு கிடக்குற பொம்பளையை நான் எப்படிப் போய்க் கண்டுபிடிக்கிறது? 'நீ ஒண்ணும் பார்க்கல, நான் ஒண்ணும் கேட்கல. போய்க் கையைக் கழுவு. கோயில் விட்டதும் அவங்க ஆளுங்க வந்து பார்த்துக்குவாங்க'ன்னு சொல்லிட்டேன். அவன் அழுதான். போடான்னு அதட்டினேன்."

தூறல் வலுத்தது.

"அஞ்சாவது நோட்டும் ஆறாவது நோட்டும் அவன் பையிலேயே இருந்துச்சு" என்றார் ஞானையா. "அதை மாட்டாம விட்டா மாட்டிக்குவேனே. நானே எடுத்துக்கிட்டு வந்தேன். இந்த வாசல் வழியாத்தான் போனேன். இந்த வாசல் வழியாத்தான் திரும்பினேன்."

"சத்தம் கேட்டுச்சா?"

ஞானையா தொப்பியை மடிமேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"போகும்போது கேட்டுச்சு."

சுந்தர்சிங் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தேவானந்தத்துக்கு அந்த மனிதரை அப்படியே பிடித்துச் சாக்கடையில் தள்ள வேண்டும்போல ஆத்திரம் வந்தது. ஆத்திரத்துக்கு அடியிலேயே வெட்கமும் வந்தது. பல்லாவரத்து டீக்கடை பெஞ்சில் எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தபோது எத்தனை வீட்டில் என்னென்ன சத்தம் கேட்டதோ, யாருக்குத் தெரியும்?

"எழுந்திருங்க" என்றார். இந்தத் தடவை அண்ணே என்று சொல்லவில்லை.

ஞானையா எழுந்தார். "துளசி இருக்கான் இல்ல?" என்று கேட்டார்.

"தெரியாது. அதைப் பார்க்கத்தான் போறோம்."

ஸ்டேஷனில் காரியம் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக முடிந்தது. இன்ஸ்பெக்டர் முதலில் குதித்தார். தீய்ந்த நோட்டைப் பார்த்தார், செல்வமேரியின் காகிதத்தைப் பார்த்தார், தன் மேஜை டிராயரில் இருந்த நாலாம் நோட்டை எடுத்துத் தடவிப் பார்த்தார். அதுவும் இஸ்திரி போட்ட சட்டைபோலப் படிந்திருந்தது. ஞானையா நின்றபடியே மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தார், போகும்போது கேட்ட சத்தம் உட்பட. இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு அவரைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். அந்த ஸ்டேஷனில் அன்று நியாயமாக விழுந்த ஒரே திட்டு அதுதான்.

கல்லறைத் தோட்டத்துக்கு ஜீப் போயிற்று. அத்தையின் பெட்டி இறங்கும்வரை காத்திருந்து, போட வேண்டிய மண் கையில் இருக்கும்போதே லாசரஸைப் பிடித்தார்கள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. "ஏட்டு ஒன்பது பத்துக்கு நலம்னு எழுதியிருக்காரே?" என்றுதான் முதலில் கேட்டானாம். ஏட்டு ஞாயிற்றுக்கிழமை தெருவுக்கு வருவதே இல்லை, இஸ்திரி வண்டியில்தான் உட்கார்ந்திருப்பார் என்று அவனுக்கு எப்போதோ தெரியும். தெரு வெறிச்சோடிக் கிடக்கும் என்று நம்பித்தான் அவன் கை ஓங்கினான். அந்த ஏட்டே தனக்குச் சாட்சியாகவும் வந்து சேருவார் என்று அவன்கூட நினைக்கவில்லை.

துளசிங்கத்தை விடுவிக்கக் கையெழுத்துக்கூடத் தேவைப்படவில்லை. கைது செய்ததாக எழுதாத ஆளை எதில் எழுதி விடுவிப்பது? இரண்டு கான்ஸ்டபிள்கள் அக்குளில் கைகொடுத்துக் கொண்டுவந்து வாசல்படியில் உட்கார வைத்தார்கள். உயிர் இருந்தது. பாதம் இரண்டும் தரையில் பட முடியாதபடி வீங்கியிருந்தன. எல்லம்மா சோடா பாட்டிலை அவன் வாயில் வைத்தாள். பாதி உள்ளே போனது, பாதி சட்டையில் வழிந்தது.

சுந்தர்சிங் ஆட்டோ பிடிக்க ஓடினான். உள்ளே பெஞ்சில், பெல்ட்டும் தொப்பியும் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஞானையாவை எல்லம்மா அப்போதுதான் பார்த்தாள். விஷயம் அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டிருந்தது.

"நீயெல்லாம் மனுசனாய்யா? புள்ள மாதிரி உங்கிட்ட ஓடியாந்தாரேய்யா! நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தம்மாவும் பொழச்சிருக்கும், இவரு காலும் நல்லாக்கீந்திருக்கும். நாசமாப் போக!"

ஞானையா தலையைத் தூக்கவில்லை. துளசிங்கம்தான் அவள் கையைப் பிடித்து இழுத்தான். பேச அவனுக்கு மூச்சு போதவில்லை. தேவானந்தம் குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

"அவர வையாத எல்லம்மா. எம்மேலயும் தப்புக் கீது."

"உம்மேல இன்னா தப்பு?"

"காலனிக்கு வெளிய, தெருமுனை வூட்டுல ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வேதாசலம் கீறாரு. அவரு கோயிலுக்குப் போறவரு இல்ல. வூட்டுலதான் இருந்தாரு, ரேடியோ பாடிகினு இருந்துச்சு. கையெல்லாம் ரத்தத்தோட இஸ்திரிக்காரன் போய்க் கதவத் தட்டினா யாரு நம்புவாங்க? போலீசக் கூட்டிகினு வந்தா நம்புவாங்கன்னு அவரு வூட்டத் தாண்டி ஓடினேன்."